ஜெர்மானியம் போட்ட டிபன் கேரியர்

தஞ்சாவூரிலேயே செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியைத் தேடி அலைந்த ஒரே மனிதர் எங்கள் தெரு ‘அரைஉயிர்’ சார்தான். சர்ச் கொயரில் கிடார் வாசிப்பவர்.

“புது பேட்டரி போட்டா சத்தம் முரட்டுத்தனமா வருதுங்க. பாதி தீந்ததுதான் பதம். உங்க வீட்டுல அரை உயிரா ஏதாவது கெடக்கா?” என்று வாசலில் வந்து நிற்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

பேட்டரி அவருடைய ஃபஸ் பெடலுக்கு. கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைத்துக் காலால் மிதிக்கிற பெட்டி அது. ஒழுங்கான சத்தத்தை உள்ளே வாங்கி, கரகரவென்று அரைத்து வெளியே விடும். அந்தக் காலத்து முறைப்படிதான் இருக்க வேண்டும் என்று பழைய ரேடியோக்களின் வயிற்றைக் கிழித்து ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களை எடுத்தார். பெட்டிக்கு, மனைவியின் டிபன் கேரியரில் அடி அடுக்கு.

“ஓட்டை போட்டுட்டீங்களே, சாம்பார எதுல ஊத்துறது?”

“மேல ரெண்டு அடுக்கு சும்மாதானே இருக்கு, எஸ்தர்.”

வெயில் ஏறினால் ஜெர்மானியம் சுருண்டுவிடும். ஆகவே சித்திரை, வைகாசியில் பெடலுக்கு ஃபிரிட்ஜில் வாசம், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில். கரகரப்பு போதவில்லை என்று இன்றைக்குக் கெப்பாசிட்டரை மாற்றுவார்; மிஞ்சிவிட்டது என்று நாளைக்கு ரெசிஸ்டரை மாற்றுவார். பக்கத்து வீட்டுக்காரர் தன் மிக்ஸிதான் போய்விட்டதென்று மெக்கானிக்கையே வரவழைத்தார்.

“எதுக்கு சார் இந்தப் பாடு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இத்தனை வருஷமா கொயர்ல வாசிக்கிறேன். ஆர்கன் சத்தத்துல என் கிடார் ஒருத்தர் காதுலயும் விழுந்ததில்லைங்க. ஒரு பாட்டுக்காவது கேக்கணும்.”

கிண்டலாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதை விட்டுவிட்டு, எங்கள் வீட்டில் அரை உயிராகக் கிடந்த பேட்டரியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் பெடலோடு வாசிக்க அனுமதி கேட்டார். சபைக் கமிட்டிக்கு நான் செயலாளர். தாலுகா ஆபீசில் ஆயுள் முழுக்கக் கோப்பு நகர்த்தியவன்.

“கோயில்ல கரகரப்பா? நடக்காது” என்றார் கமிட்டிக் கூட்டத்தில் பொருளாளர்.

போதகர் மட்டும் விசாரித்தார்: “அப்படி என்னதான் இருக்கு அதுக்குள்ள?”

“ஜெர்மானியம்ங்க ஐயா” என்றார் அரைஉயிர் சார்.

அறையின் முகமே மாறிவிட்டது. எங்கள் சபையை நட்டவர்கள் ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரிகள். பொருளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஜெர்மன் சாமானா? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

ஜெர்மானியம் என்பது ஒரு தனிமம், நாடு அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்கப்படாத விளக்கத்தை அளிப்பது நடைமுறை அல்ல. ‘ஏகமனதாக’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

பண்டிகையன்று பீடத்தின் முன் நெற்கதிர்க் கட்டுகளும் வாழைத்தார்களும் குவிந்திருந்தன. இரண்டாவது பாட்டின் நடுவில் அவர் பெடலை மிதித்தார். நாதஸ்வரத்துக்குச் சளி பிடித்ததுபோல் நீண்ட குரல் ஒன்று எழுந்து, ஆர்கனைத் தாண்டி, கூரைவரை போயிற்று. முன்வரிசைப் பெரியவர்கள் இருவர் காது மெஷினைக் கழற்றித் தட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறி நின்றார்கள். கதிர்க்கட்டோடு வந்திருந்த விவசாயி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

“ஜெர்மன் சாமான்னா சும்மாவா?” என்றார் பொருளாளர், பெருமையாக.

ஆராதனை முடிந்ததும் அரைஉயிர் சார் நேரே என்னிடம் வந்தார். சட்டை முழுக்க வியர்வை.

“கேட்டுச்சாங்க?”

“கேட்டுச்சு சார். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க” என்றேன்.