பீலிக்கு மறைப்புக் கட்டிய விபரம்

டிக்கோயா
11.8.1959

அன்பும் மதிப்பும் மிகுந்த காளியாயி அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் நாகலெட்சுமி வணங்கி எழுதுவது. இந்த முதியோர் விடுதியில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாளாகிறது. குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை. இதை உங்களுக்கு வாசித்துக் காட்டும் சோலைமலை வாத்தியார் ஐயாவுக்கும், வழக்கம்போல் சுற்றி உட்கார்ந்து கேட்கும் வட்டவளைத் தோட்டத்து லயத்து வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் என் வணக்கம். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியதை மறந்துவிடுங்கள்.

இங்கே குளிக்க, மலைத் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டும் ஒரே ஒரு பீலிதான் முற்றத்தில் இருக்கிறது. சுற்றி மறைப்பு கிடையாது, பால்காரர் முதல் தபால்காரர் வரை அந்த வழியாகத்தான் போவார்கள், அங்கேதான் வயதான பெண்களை நாலு நாலு பேராக நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவார்கள். நம் லயத்திலிருந்து போன மாதக் கடைசியில் வந்த அம்மாக்கண்ணு ஆத்தா, வந்த நாளிலிருந்து குளிக்க மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். பதினொரு நாள் அத்தை! யாழ்ப்பாணத்து மேட்ரன் குணபூசணி அம்மா கெட்டவர் இல்லை, பொறுமைதான் இல்லை. வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, நாளைக்கு டாக்குத்தர் வாறார். அதுக்குள்ள அவ குளிக்காட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டுவினம். நீர் ஒருக்காக் கதைச்சுப் பாரும்" என்றார்.

நானா பேசுவது? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏன்டி, பேச வந்தியா, எறும்பு எண்ண வந்தியா?" என்றார் ஆத்தா. பயத்தில், "நானும் இங்க வந்து ஆறு நாளாக் குளிக்கல ஆத்தா. வெக்கமா இருக்கு" என்று உளறிவிட்டேன். "அடிப்பாவி, நாத்தம் உன்னுதா! எம்மேலதான்னு நெனச்சுக் கவலப்பட்டுக் கிடந்தேன்" என்று கட்டில் குலுங்கச் சிரித்தார். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, கொழுந்து எடுத்த காலத்தில் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குகள் இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் பீலியைச் சுற்றிக் கயிறு கட்டி, அந்தப் படங்குகளையும் என் கம்பளியையும் தொங்கவிட்டு, சமையலறையில் வெந்நீர் வாங்கி வந்தேன். ஆத்தா உள்ளே போய்ச் சீயக்காய் தேய்க்கும் நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது. படங்கும் கம்பளியும் பறந்து தேயிலைக்குள் விழுந்தன. அதே நிமிஷம் டாக்டர் ஐயாவின் கார் வாசலில் வந்து நின்றது. எனக்குள்ளே அப்படியொரு குரல் எங்கே இருந்ததோ, "எல்லாரும் மலைப் பக்கம் திரும்புங்க!" என்று கத்திவிட்டேன். டாக்டர், டிரைவர், சமையல்காரர், மேட்ரன் அம்மா எல்லோரும் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்பதுபோல் வரிசையாகத் திரும்பி நின்றார்கள். "நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் திரும்பப்படாது!" என்று பின்னாலிருந்து அதட்டிவிட்டு, ஆத்தா அவசரப்படாமல் இரண்டாம் தரமும் சீயக்காய் போட்டார்.

டாக்டர் மலையைப் பார்த்தபடியே, "யாரம்மா குளிக்கிறது?" என்று கேட்டார். "ஒருத்தவங்க" என்றேன். பேரைச் சொல்லவில்லை. அவர், "மேட்ரன், என் தாயார் இங்கே இருந்தால் எங்கே குளிப்பார்?" என்றார். நேற்றுத் தகரம் அடித்துக் கதவும் வைத்தாயிற்று. உள்பக்கம் கொண்டி இருக்கிறது. இப்போது மேட்ரன் அம்மாகூடத் தட்டிவிட்டு நிற்கிறார். நானும் குளித்துவிட்டேன் அத்தை. தேகம் மட்டுமல்ல, மனசும் லேசாக இருக்கிறது.

உங்கள் முழங்கால் வலி தீர மாரியம்மாளை வேண்டிக்கொள்ளும்,
நாகலெட்சுமி

பின்குறிப்பு: தான் குளித்த கதை நம் லயத்தில் ஒரு ஆளுக்கும் தெரியக்கூடாது என்று ஆத்தா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆகையால் வாத்தியார் ஐயா எல்லோரையும் எழுந்து போகச் சொல்லிவிட்டு, இந்தக் கடிதத்தை அத்தையின் காதில் மட்டும் மெதுவாக வாசிக்கவும்.