கம்ப்யூட்டருக்கு ஒரு விலாசம்

ஒரகடத்தில் போல்ட் செய்கிற எங்கள் கம்பெனி, 1991-ஆம் வருடம் ஒரு கம்ப்யூட்டரை முறைப்படி குடியமர்த்தியது. கம்ப்யூட்டரில் கடிதம் வாங்காதவன் இனி தொழிலதிபரே இல்லை என்று முதலாளி ரத்தினம் சார் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். கான்வென்ட்டில் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் நானே அதற்குப் பொறுப்பு.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் உண்டு. எண் யாருக்கும் நினைவில் நிற்காது. ஆகவே ஒரு பெயர். இந்தப் பெயருக்கு இந்த எண் என்று சென்னைப் பெயர்ப் பதிவகத்தின் ஏட்டில் ஏறிவிட்டால் கடிதம் வந்து சேரும். ஏற்ற வேண்டியது ஒரே வரி.

“மாசக் கடைசிக்குள்ள பேரு ஏறலைன்னா, வூட்லயே கொயந்தய பாத்துக்கினு இரும்மா” என்றார் முதலாளி, மிகுந்த கனிவோடு. மகளுக்கு ஏழு மாதம். அவள் அப்பாவுக்கு லே-ஆஃப். வீட்டில் அடுப்பெரிவது என் சம்பளத்தில்.

பதிவகத்து உதவியாளர் பரசுராமன், கம்ப்யூட்டருக்குக் குடியிருப்புச் சான்று கேட்டார். எங்கள் கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து பார்த்து, வாட்ச்மேனை விசாரித்து, மேற்படி கம்ப்யூட்டர் நன்னடத்தை உடையது என்று எழுதிக் கொடுத்தார். பரசுராமன் அதை இரண்டு முறை படித்துத் திருப்தியடைந்தார். ஆனால் விதிப்படி, மனுவும் கம்ப்யூட்டர் கடிதமாக, கேட்கிற பெயரிலிருந்தே வர வேண்டுமாம்.

“சார், அந்தப் பேர் ஏறினாத்தானே அனுப்ப முடியும்?”

“அனுப்பினாத்தானேம்மா ஏத்த முடியும்?” அவர் குரலில் கோபமே இல்லை. “இன்னாம்மா, கான்வென்ட்ல படிச்சிட்டு இதுகூடப் புரியாம பேசிக்கினு கீற.”

மாதம் முடிய இரண்டு நாள். அழுதுவிட்டேன். அழுகிற மனுதாரருக்கும் ஒரு விதி இருந்தது: பராமரிப்பு முகவரி, அதாவது ‘கேர் ஆஃப்’. எங்கள் பெயருக்கு நேரே பரசுராமன் தம் அலுவலகக் கம்ப்யூட்டரின் எண்ணை எழுதி முத்திரை குத்தினார்.

முதலாளி லட்டு கொடுத்தார். விசிட்டிங் கார்டில் பெயரை அச்சடித்து, பிள்ளைப்பாக்கத்து நிலத் தரகர் வரைக்கும் கொடுத்தார். எங்களுக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒழுங்காகப் பதிவகத்துக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே அச்செடுத்து, கோப்பில் வைத்து, மேலதிகாரி பார்த்த பிறகு தபாலில் அனுப்புகிறார்கள். பன்னிரண்டு நாளில் கிடைக்கிறது. அதை நான் மறுபடி கம்ப்யூட்டரில் அடித்துத் திரையில் காட்டுகிறேன்.

“இன்னா ஸ்பீடு பாத்தியா” என்கிறார் முதலாளி.

“ஆமாம் சார்.”

இந்த வேலைக்கு ஆள் கட்டாயம் வேண்டும் என்று என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். பதிவகம் என்றைக்காவது திருந்திவிடுமோ என்பதுதான் இப்போது என் பயம்.