மடித்து எடுத்துப்போன தண்ணீர்

என் கைகள் சும்மா இருக்காது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆரணியில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் பல வருடமாக விற்பனையாளன். புடவையைப் பிரித்துக் காட்டுவேன். எதிரே இருப்பவர் உதட்டைப் பிதுக்குவதற்குள் மடித்தும் விடுவேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் துண்டைக்கூட மடித்துக் கொடுத்திருக்கிறேன். (அவர் முறைத்தார்.)

எனக்குப் பெண் பேசி முடிக்கிற நேரம். பெண்ணின் அப்பா களம்பூர் ரைஸ் மில்லில் மேஸ்திரி. மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். என்னை எடைபோட மட்டும் அவருக்குப் பர்வதமலை தேவைப்பட்டது. இருவரும் சேர்ந்து ஏறி இறங்கிய பிறகுதான் பதில் என்றுவிட்டார். எனக்கோ அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. இருப்புக்கொள்ளாமல் ஆன்லைனில் தேடி, மலையேறுகிறவர்களுக்கான மடக்குத் தண்ணீர் பாட்டில் நான்கு வாங்கினேன். காலியானால் கைக்குட்டை அளவுக்கு மடங்கிவிடும்.

அடிவாரக் கடையில் அவர் தண்ணீர் வாங்கப் போனார். "அதெல்லாம் சுமைங்க மாமா, என்கிட்ட இருக்கு" என்று தடுத்தேன். (மாமா என்று கூப்பிட இன்னும் உரிமை வரவில்லை. வாய் முந்திக்கொண்டது.) குழாயில் நான்கையும் நிரப்பினேன். அவர் கற்பூரம் வாங்கப் போன நேரம், பக்கத்தில் நின்ற யாரோ, இது எப்படி மடங்கும் என்று கேட்டுவிட்டார்கள். எனக்குக் கேட்க வேண்டுமா! தண்ணீரைக் கொட்டினேன், மடித்தேன், பிரித்தேன், அடுத்ததை எடுத்தேன். கூட்டம் சேர்ந்தது. கடைசியில் நான்கையும் ஓரத்துக்கு ஓரம் சரிபார்த்து மடித்து, பையில் அடுக்கி, ஜிப்பை இழுத்துவிட்டேன்.

பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் என் பையை வாங்கித் தோளில் மாட்டினார். இரண்டு அடி நடந்து நின்றார்.

"இன்னா தம்பி, நாலு பாட்டில் தண்ணி கீதுன்னீங்க. பை லேசா கீதே?"

"அதாங்க இந்த பாட்டிலோட ஸ்பெஷாலிட்டி" என்றேன்.

இன்னும் கொஞ்ச தூரம் ஏறியதும், நாக்கு வறண்டு ஒரு பாறையில் உட்கார்ந்து கை நீட்டினார். பையைத் திறந்தேன். ஷோரூம் அலமாரியில் இருப்பதுபோல் நான்கும் அழகாக மடிந்திருந்தன. அவர் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார். மடிப்புக் கலையாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கல்யாணம் கைவிட்டுப் போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான்கையும் எடுத்துக்கொண்டு, வழியில் பார்த்த மோர்க் கடைவரை இறங்கி ஓடினேன். மோர் நிரப்பி, கைக்குழந்தைகளைப்போல் மாரோடு அணைத்து மறுபடி ஏறினேன். அவர் ஒரு பாட்டிலை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். காலி பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

வாங்கி மடித்தேன்.

அவர் என் கையையே பார்த்தார். பிறகு பாறையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அந்தக் கைய கொஞ்சம் சும்மா வெச்சிகினு இருங்க மாப்பிள்ள" என்றார். அதுவரை நான் தம்பி.

கல்யாணச் சீரில் ஒரு பெரிய எவர்சில்வர் குடம் வந்தது, விளிம்புவரை தண்ணீரோடு. இன்றும் நான் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், மாமா எங்கள் வீட்டில் இருந்தால் என் பையை ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். கனம் சரியாக இருந்தால்தான் வாசலைவிட்டு நகர்வார்.