மாப்பிள்ளைக்கு ஓர் இடம்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, லாடம் அடிப்பவர், பதினோரு குதிரைகள். வரவேண்டியவர் ஒருவர்: ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவரை ரகசியமாக வரவழைத்தவன் நான்.

விஷயம் இதுதான். வண்டி இழுத்து முதுகு புண்ணானவை, பந்தயத்தில் கால் போனவை, வயதாகிவிட்டது என்று நடுரோட்டில் அவிழ்த்துவிடப்பட்டவை என்று தவிக்கும் குதிரைகளையெல்லாம் என் மனைவி கூட்டிவந்து காப்பாற்றுகிறாள். உச்சிவெயிலில் குதிரைவண்டி ஓட்டக் கூடாது என்று நகராட்சி வாசலில் வாளித் தண்ணீரோடு நின்று உத்தரவே வாங்கியவள். நகராட்சியே அவளிடம் தோற்றது. நான் எம்மாத்திரம்?

பத்துக் குதிரைகள் இருந்தவரை எனக்கென்று ஓர் அறை இருந்தது. பதினோராவது வந்ததும் வைக்கோல் கொட்டகை அதற்குப் போயிற்று. வைக்கோல் என் அறைக்கு வந்தது. என் கட்டில் சமையலறை நடைக்கு வந்தது. அங்கே ஃபிரிட்ஜ் இரவெல்லாம் என் காதில் உறுமுகிறது. ஒரே ஒரு குதிரை போனால் என் அறை எனக்கு.

ஆனால் மனைவியிடம் ஒரு சட்டம் உண்டு. குதிரை தனியாக இருந்தால் ஏங்கிப்போகும். ஆகவே ஜோடி சேர்ந்த குதிரைகளை யாருக்கும் பிரித்துக் கொடுக்க மாட்டாள். நான் பொறுமையாக எண்ணிப் பார்த்தேன். ஐந்து ஜோடி. மிச்சம் ஒன்று. அதுதான் மாப்பிள்ளை. கல்யாண சாரட்டு இழுத்த வெள்ளைக் குதிரை. வேலை செய்யாது. வேளாவேளைக்குச் சாப்பிடும். மரியாதை குறைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெயர் வைத்தவன் நான்தான்.

பல் டாக்டர் தன் கிழட்டுக் குதிரைக்குத் துணை தேடுகிறார் என்று லாடம் அடிப்பவர் சொல்லியிருந்தார். மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து போன் போட்டேன்.

அன்று காலை மாப்பிள்ளையைத் தேய்த்துக் கழுவி, பிடரியைச் சீவி, குளம்புக்கு எண்ணெய் தடவினேன்.

"என்னங்க, மாப்பிள்ளைக்கு இன்னைக்கு ஏக அலங்காரம்?"

"சும்மாதான்மா. அழுக்கா இருந்தான்."

"நீங்க குளிச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"அதானே பார்த்தேன்."

லாடம் அடிப்பவர் குனிந்தபடியே சிரித்தார்.

லாரி வந்தது. பல் டாக்டர் இறங்கினார். பின்பலகையைச் சாய்த்து, பழுப்பு நிறப் பெண்குதிரை ஒன்றையும் இறக்கினார்.

"இவ எதுக்கு டாக்டர்?" என்றேன்.

"உங்க வீட்டம்மாதான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பார்க்கணுமாம்."

மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்து டாக்டரிடம் நீட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"நேர்ல உங்க வாயிலேர்ந்து வார்த்தை வராது. போன்ல பேசினா மட்டும் பக்கத்துத் தெருவுக்கே கேக்கும். குளியலறை எவ்வளவு தூரம்? சரி, மாப்பிள்ளையை ஏத்துங்க. நான் ஒண்ணும் சொல்லலை."

இவ்வளவு சுலபமா? நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். லாடம் அடிப்பவர் பின்னாலிருந்து தள்ளினார். மாப்பிள்ளை நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தது.

"முதல்ல நீங்க ஏறுங்க," என்றாள் மனைவி.

ஏறினேன். அதுவும் ஏறியது. இறங்கினேன். அதுவும் இறங்கியது. மறுபடி ஏறினேன். மறுபடி ஏறியது.

"பார்த்தீங்களா டாக்டர்? அவனுக்கு ஜோடி இவர்தான். நான் ஜோடியைப் பிரிக்கறதில்லை. ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க."

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாருக்குத் தீனி என்னம்மா?"

"எது போட்டாலும் சாப்பிடுவார். குறை மட்டும் சொல்வார்."

"கடிப்பாரா?"

"நீங்கதானே பல் டாக்டர்? பார்த்துக்கோங்க."

நான் லாரியிலிருந்து இறங்கினேன். மாப்பிள்ளையும் இறங்கியது. மனைவி பெண்குதிரையின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். அது நேரே மாப்பிள்ளையிடம் வந்து மூக்கோடு மூக்கை வைத்தது. கொஞ்ச நேரத்தில் ஒன்றின் முதுகை ஒன்று பல்லால் சொறிந்துகொண்டு நின்றன. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ இப்படி இருந்து நான் பார்த்ததே இல்லம்மா."

"அப்போ இது ஒரு ஜோடி. இனி ரெண்டையும் சேர்த்துத்தான் வச்சுக்கணும். உங்க முட்டிவலியோட ரெண்டு குதிரைக்கு லத்தி அள்ளுவீங்களா டாக்டர்?"

"ஒண்ணுக்கே முடியலையேம்மா."

"இங்கயே விட்டுட்டுப் போங்க. தினமும் வந்து பாருங்க."

டாக்டர் கும்பிட்டார். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"இடம் ஏதும்மா?"

"உங்க அறைக் கதவு நல்ல அகலம். இவ அங்க இருக்கட்டும். வைக்கோலை நடைக்கு மாத்திடலாம்."

"நடையில நான் இருக்கேனே!"

"கொஞ்சம் ஒதுங்கிப் படுங்க."

லாரி காலியாகத் திரும்பியது. லாடம் அடிப்பவர் தன் பையைத் தூக்கிக்கொண்டார். மனைவி எல்லாவற்றுக்கும் தீனி வைக்கப் போனாள். மாப்பிள்ளைக்காவது என்மேல் பாசம் இருக்கிறதே என்று ஒரு கேரட்டோடு போனேன். அது கேரட்டை வாங்கி, பாதியைப் புதியவள் காலடியில் போட்டுவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றது.

எண்ணிப் பார்த்தேன். ஆறு ஜோடி. மிச்சம் ஒன்று. நான்.