அல்லிக் குளத்தில் அண்ணன் நட்ட கோரை

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நீயும் அண்ணியும் நலமாகவே இருப்பீர்கள். அடுத்தவர் வீட்டில் தீ வைத்துவிட்டுப் போனவர்கள் எப்போதும் நலமாகத்தான் இருக்கிறார்கள். போன் செய்தால் "கிளாஸ்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம்.

குடிவந்த அன்றே வீட்டுக்கார அம்மா சொன்னார்: "சுவத்துல ஆணி அடிச்சுக்கோ, குழந்தை கிறுக்கினா கிறுக்கட்டும். பின்னால குளத்துல என் அல்லி மட்டும் போச்சுன்னா நீங்களும் கிளம்பிடலாம்." இது தெரிந்தும் நீ சம்பங்கோரை ஒன்றைக் கொண்டுவந்து, "தண்ணி சுத்தமாகும், ஒரு மூலையில சிவனேன்னு நிக்கும்" என்று நட்டாய். தாவரவியல் பேராசிரியர் சொல்கிறாரே என்று நானும் தலையாட்டினேன். அது சேற்றுக்கடியில் கிழங்கை ஓடவிட்டு, குளம் முழுக்க என் உயரத்துக்கு எழுந்து, வெயிலை எல்லாம் தானே குடித்தது. கீழே அல்லி மஞ்சளாகி அழுகியது. இவர் முழங்கால் சேற்றில் நின்று வெட்ட வெட்ட மறுபடி முளைக்கிறது. "உங்க அண்ணன் பரீட்சையில யாரைப் பார்த்து எழுதினாரு?" என்கிறார்.

மிஞ்சிய நாலு அல்லிக் கிழங்கைப் பாப்பா குளிக்கும் தொட்டியில் வைத்தேன். படித்தவள் இல்லையா, வெட்டிய கோரையை வீணாக்குவானேன் என்று பொடியாக நறுக்கி உரமாகப் போட்டேன். மூன்று கறுத்துப்போயின. நீ விட்டுப்போன பழைய பாடப்புத்தகத்தைப் புரட்டினால், கோரை மக்கும்போது கசியும் சாறு பக்கத்துச் செடிகளின் முளையையும் வேரையும் முடக்கிவிடும் என்று இருக்கிறது. அடியில் நீ சிவப்பு மையில் கோடு வேறு போட்டிருக்கிறாய். உயிரோடு இருந்தால் இடத்தைப் பிடுங்கும், செத்தால் விஷம் வைக்கும், இது தெரிந்தேதான் தங்கை வீட்டில் நட்டாயா?

அடுத்த ஞாயிறு வீட்டுக்கார அம்மா குளத்தைப் பார்க்க வருகிறார். கைக்குழந்தையோடு எங்கே போவேன்? உன் வீட்டுக்குத்தான். அண்ணியிடம் மாடி அறையை ஒழிக்கச் சொல்.

அண்ணிக்கு என் அன்பு. உனக்கு இப்போதைக்குக் கிடையாது.

உன் தங்கை

பி.கு.: இவர் இப்போதுதான் வாயைத் திறக்கிறார். "சொல்ல மறந்துட்டேன், சாயங்காலம் வீட்டுக்கார அம்மா பேசினாங்க. பாப்பா போட்டோல பின்னாடி கோரையப் பாத்தாங்களாம். அல்லியை விட இதுதான் அழகுன்னு, அவங்க புது வீட்டுக் குளத்துக்கு ரெண்டு கன்னு கேட்டாங்க." நல்லதாக இரண்டு பிடுங்கி வாளியில் வைத்துவிட்டேன். அந்தக் குளத்திலும் அல்லி இருக்கிறதாம். விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கொடுப்பதா, சொல்லாமல் கொடுப்பதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடு.