வீரவாள் மசாலா

“ட்யூப் லைட் மாத்த வந்த ஆள் மாதிரி இருக்காருங்க,” என்றாள் கனகேஸ்வரி.

கார்த்திகேசு கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையில் வேட்டி கட்டிய ஒரு மனிதர் வலது கையில் நீண்ட வாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். வாளைச் சுற்றி வெள்ளை வெளிச்சம் பரவியிருந்தது. மனைவி சொன்னது சரிதான் என்று அவனுக்கே தெரிந்தது. அதனாலேயே ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

“ஒளிர்ற வாள் அப்படித்தான் இருக்கும். உனக்குப் புரியாது.”

“நீங்க எத்தனை பார்த்திருக்கீங்க?”

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகையும் பெயர்ப்பலகையும் போட்டுக்கொண்டிருந்தவன் கார்த்திகேசு. தொண்ணூற்றேழில் கணினி ஒன்றை வாங்கி, படங்களை மாற்றியமைக்கும் மென்பொருளை அதில் ஏற்றி, ‘கணினியால் ஆகாதது எதுவுமில்லை’ என்று கடை வாசலில் எழுதி மாட்டினான். அதைப் படித்துவிட்டு உள்ளே வந்த முதல் பெரிய வாடிக்கையாளர்தான் கிள்ளான் ஊர்க்காரர் பழனியப்பன்.

பழனியப்பன் மசாலாத்தூள் வியாபாரி. அப்பா ரெங்கசாமி ஆரம்பித்த தொழில். புதிதாகக் கட்டிய ஆலையை டத்தோ பட்டம் பெற்ற பெரிய மனிதர் ஒருவர் திறந்துவைக்க இருந்தார். அத்தோடு சரக்குக்கும் புதுப்பெயர், புதுப்படம் வைப்பதாகத் திட்டம்.

“நான் கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா போயிட்டாரு, boss,” என்று சொல்லி அவர் மேசையில் வைத்த கருப்புவெள்ளைப் படம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. “அவரு படம்னு இருக்கிறது இது ஒண்ணுதான். அம்மாவோட பிஸ்கட் டின்ல கிடந்துச்சு. கையில பாருங்க.”

கார்த்திகேசு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். “வாள்.”

“வாளேதானே? எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. ஜப்பான்காரன் இங்க ஆண்ட காலத்துல அப்பா சண்டை போட்டிருக்காரு.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன். இனிமே நம்ம சரக்குக்குப் பேரு வீரவாள் மசாலா. அந்த வாள் அப்படியே ஜொலிக்கணும்.”

“அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல லா,” என்றான் கார்த்திகேசு.

உண்மையில் அவனுக்கு வழி தெரியும். வாளை மட்டும் தனியாகக் கத்தரித்தெடுத்து, அதற்கு ஒரு பிரதி எடுத்து, பிரதியைக் கலங்கலாக்கி, வெளிச்ச நிறத்தில் தோய்த்து, வாளுக்கு அடியில் வைத்தால் ஒளிவட்டம் வந்துவிடும். கலங்கலாக்கு என்று உத்தரவு கொடுத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய் ஒரு தே தாரேக் டீ குடித்துத் திரும்பினால், கணினி அப்போதுதான் பாதி வேலை முடித்திருக்கும். ஒரே ஒரு சங்கடம். அன்றைய மென்பொருளில் கடைசியாகச் செய்த தப்பை மட்டும்தான் திரும்பப் பெறலாம். அதற்கு முந்தைய தப்போடு வாழப் பழகிக்கொள்ள வேண்டும்.

ட்யூப் லைட் பேச்சைக் கேட்டதும் கார்த்திகேசு வெளிச்சத்தை ஒடுக்கினான். ஒடுக்கியதும் வாளின் மேல் வரிசையாகப் புடைப்புகள் தெரிந்தன. பழைய படத்தின் அழுக்கு என்று எண்ணி எல்லாவற்றையும் துடைத்து வழுவழுப்பாக்கினான். லேசாக வளைந்திருந்ததையும் நிமிர்த்தினான்.

பார்க்க வந்த பழனியப்பன் முகம் வாடிப்போனது.

“வாள்ல இருந்த வெட்டெல்லாம் எங்க, boss?”

“அழுக்குன்னு துடைச்சிட்டேன்.”

“அழுக்கா? எதிராளி வாள் பட்ட இடம் அதெல்லாம்.”

கார்த்திகேசு பழைய படத்தைப் பூதக்கண்ணாடியில் மறுபடி பார்த்தான். “மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அளவு இடைவெளி விட்டுல்ல பட்டிருக்கு?”

“அப்பா எதையும் ஒழுங்கா செய்யிற ஆளாம். அம்மா சொல்லியிருக்காங்க.”

அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது. புடைப்புகளை ஒவ்வொன்றாக வரைந்து திரும்பவும் வைத்தான். வீரத்தின் தழும்புகள் ஆயிற்றே என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வெளிச்சம் கொடுத்தான்.

கனகேஸ்வரி சாப்பிடக் கூப்பிட வந்தவள் நின்று பார்த்தாள். “நல்லாருக்கு. தீபாவளிக்குக் கடை வாசல்ல தொங்கவிடலாம்.”

வெள்ளைதான் தொல்லை என்று முடிவு செய்து கார்த்திகேசு நீலத்துக்கு மாறினான். நீலம் கம்பீரமாகத்தான் வந்தது. ஆனால் வாள் நீலமாக ஒளிர்ந்தால் பக்கத்திலிருக்கும் முகத்திலும் நீலம் விழ வேண்டுமே. நீலத்தை முகத்தில் விட்டான். ரெங்கசாமி ஐஸ் கிடங்கிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்தவரைப் போல ஆகிவிட்டார். முகத்துக்கு வெளுப்பேற்றினான். நீலம் போயிற்று. கூடவே மீசையும் போயிற்று.

அதைக் கவனிப்பதற்குள் மூக்கையும் திருத்தப் போய், திரும்பப் பெறும் வாய்ப்பை அவன் மூக்குக்குச் செலவழித்துவிட்டிருந்தான்.

‘மீசைதானே, வரைஞ்சா போச்சு’ என்று மவுசைப் பிடித்தான். மவுசைப் பிடித்து மீசை வரைவது, செங்கல்லைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவது மாதிரி. ஒரு பக்கம் நீண்டது. அதற்குச் சமமாக மறுபக்கத்தை நீட்டினான். மறுபக்கம் இன்னும் நீண்டது. இரண்டும் சமாதானமானபோது மீசை காதுக்கு அருகில் இருந்தது.

பழனியப்பன் வந்தார். வெகுநேரம் திரையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“இதான் boss எங்கப்பா.”

கார்த்திகேசுவுக்குத் தெம்பு வந்தது. அப்படிப்பட்ட மீசைக்குக் கீழே பனியன் பொருந்தாது என்று அவனே எடுத்துச் சொல்லி மார்புக்கவசம் போட்டான். கவசத்துக்குத் தலைப்பாகை தேவைப்பட்டது. வாளின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த சிறு காம்பை அழித்துவிட்டுச் சிவப்புக்கல் பதித்த கைப்பிடி வைத்தான். எல்லாம் முடிந்து பார்த்தால், அசல் ரெங்கசாமியில் மிச்சமிருந்தவை இரண்டு காதுகள்தாம்.

“அவரைத் தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து பார்த்தா?” என்று கேட்டாள் கனகேஸ்வரி.

“அவரைப் பார்த்தவங்க யாரும் இப்ப இல்ல. பழனியப்பனே சொல்லிட்டாரு.”

படம் மசாலாப் பொட்டலத்தில் ஏறியது. பெட்டியில் ஏறியது. லோரியின் இரண்டு பக்கமும் ஏறியது. திறப்பு விழாவன்று ஆலையின் முகப்பில் இரண்டு மாடி உயரத்துக்கு ரெங்கசாமி நீல வாளோடு நின்றார். போர்ட் கிள்ளான் சாலையில் போன கனரக லோரிகள்கூட வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. டத்தோ அண்ணாந்து பார்த்து, “உங்க அப்பா ஆர்மியா?” என்று விசாரித்தார். பழனியப்பன் மேடையில் ஏறி, ஜப்பான்காரன் காலத்தில் அப்பா ஆற்றிய வீரச்செயல்களை விவரித்தார். போன மாதம்வரை ஒரு சண்டையாக இருந்தது இப்போது மூன்றாகியிருந்தது. கைதட்டல் ஓயவில்லை. கார்த்திகேசுவைத் தேடி வந்து இரண்டு பேர் தங்கள் அப்பாவின் படத்தைக் கொண்டுவரலாமா என்று கேட்டார்கள். அவன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

அப்போதுதான் பழனியப்பன் பருத்திச் சேலை கட்டிய ஒரு வயதான அம்மாளைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார்.

“boss, இவங்க வீரம்மா அத்தை. அப்பா கூடப் பிறந்த தங்கச்சி. ஏதோ மனஸ்தாபத்துல ரெண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே இல்லாம போச்சு. உயிரோட இருக்காங்களான்னுகூட எனக்குத் தெரியாது. ரவாங்ல இருக்காங்கன்னு நேத்துதான் ஒருத்தர் சொன்னாரு. காலையில போய்க் கூட்டிட்டு வந்துட்டேன்.”

வீரம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்து அந்த இரண்டு மாடி அண்ணனைப் பார்த்தார். கவசத்தைப் பார்த்தார். தலைப்பாகையைப் பார்த்தார். மீசையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்குப் போய்ச் சேர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“சாப்பிட்டீங்களாம்மா? பந்தி அந்தப் பக்கம்,” என்றான் கார்த்திகேசு.

“இரு தம்பி, பார்த்துக்கறேன்.”

“படம் ரொம்பப் பழசும்மா. முகம் கொஞ்சம் மாறித்தான் இருக்கும்.”

“முகத்துக்கு என்ன குறை. அந்தக் காது ஒண்ணு போதுமே, அண்ணனேதான்.”

கார்த்திகேசு தூரத்தில் நின்ற மனைவியைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினான்.

பழனியப்பன் அத்தையின் பக்கம் குனிந்தார். “அத்தை, அப்பா கையில இருக்கே, அது இப்ப யார் வீட்ல இருக்கு? எங்க இருந்தாலும் சொல்லுங்க. வாங்கிட்டு வந்து ஆபிஸ்ல கண்ணாடிப் பெட்டி செஞ்சு வெச்சிடறேன். டத்தோகூடப் பார்க்கணும்னு ஆசைப்படறாரு.”

வீரம்மா மருமகனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அது ஏதுப்பா இப்ப? சாம்பார்ப் பொடி விளம்பரத்துக்குப் படம் எடுக்கணும்னு அண்ணன் சொல்லுச்சு, நான்தான் தோட்டத்துல இருந்து முருங்கைக்காய் ஒண்ணு பறிச்சுக் கையில குடுத்தேன், எடுத்து முடிச்சதும் அன்னைக்கே நறுக்கிக் குழம்புல போட்டுட்டேன்.”