சோளத்தில் ஓடிய கார்

கார் மறுபடியும் இருமிவிட்டு அடங்கியது.

"பழைய இரும்பு வாங்கிறவனுக்கு இப்பவே சொல்லி விடட்டோ?" என்று கேட்டார் முன் ஆசனத்தில் இருந்த ஆழ்வாப்பிள்ளை.

ஏரம்பு சாவியை மறுபடியும் திருகினார். வேலணைத் தீவில் அவர் வாடகைக்கு ஓட்டிவந்த கார் அது. எழுபத்து நாலில் பெற்றோல் விலை ஏறியதும் முற்றத்தோடு படுத்துவிட்டது. இன்றைக்கு யாழ்ப்பாணம் போய்ச் சேராவிட்டால் விற்றுவிடுவதென்று மனைவி சிவக்கொழுந்தும் அவளுடைய தமையன் ஆழ்வாப்பிள்ளையும் முடிவெடுத்திருந்தார்கள். கார் போனால் ஏரம்பு என்ன செய்வார்? அவருக்கு வேறு தொழில் தெரியாது. கனவு காணத்தான் தெரியும்.

"மச்சான், தாங்கியிலை இருக்கிறது பாதி பெற்றோல், பாதி எங்கட தோட்டத்துச் சோளத்திலை வடிச்ச சாராயம். அரபிக்காரன் எண்ணெய்க் கிணத்தை மூடட்டும். எங்களுக்கு வருசா வருசம் மண்ணிலை பெற்றோல் முளைக்கும்."

"சனம் பேக்கரி வாசலிலை பாணுக்கு வரிசையிலை நிக்குது. நீர் சாப்பிடுற சோளத்தைக் காருக்குப் பருக்கிறீர்."

"சக்கை முழுக்க மாட்டுக்குத்தானே போனது. பாலும் கூடினது."

சாராயம் தாங்கியின் பழைய அழுக்கையெல்லாம் கழுவிக் கொண்டுவந்து குழாயை அடைத்திருந்தது. ஏரம்பு வாயை வைத்து உறிஞ்சித் துப்பினார். எல்லாவற்றையும் துப்பினார் என்று சொல்ல முடியாது.

"பொலிஸ் பிடிச்சால் பெற்றோலெண்டு சொல்லுறதெண்டால், குடிக்காதேங்கோ," என்றாள் பின்னால் இருந்த சிவக்கொழுந்து.

சாராயத்துக்குக் கூடுதலாக வழி வேண்டுமென்று காபரேற்றர் துவாரத்தை ஊசியால் பெருப்பித்தார். கார் துள்ளிப் பாய்ந்தது. அது குடிப்பதும் இரட்டிப்பாயிற்று. அல்லைப்பிட்டியில் திரும்பவும் அடைத்தது, ஏரம்பு திரும்பவும் உறிஞ்சினார். உலகம் மிகவும் நல்லதாகத் தெரிந்தது. அதனால்தான், மீன்பிடிக்கிற லியோன் பெரிய மூட்டையோடு கைகாட்டியபோது மறுக்க மனம் வரவில்லை. உள்ளே சிவக்கொழுந்தின் ஓலைக் கடகங்கள் இடத்தை அடைத்திருந்தன. லியோன் கூரையில் ஏறிக்கொண்டான்.

பண்ணைப் பாலம் வந்தது. இரண்டு பக்கமும் கடல். ஆனி மாதத்து வெயில் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. ஏரம்புவின் கண்ணுக்குள் மண்டைதீவிலிருந்து நெடுந்தீவு வரைக்கும் சோளம் பூத்தது. நயினாதீவுக்குப் போகிற மோட்டார் வள்ளமெல்லாம் சோளத்தில் ஓடியது. பெற்றோல் கப்பலுக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. எவ்வளவு சுகமான நாடு!

"ஏரம்பு," என்றார் ஆழ்வாப்பிள்ளை மெதுவாக. "சத்தமே கேக்கேல்லை."

"அதுதான் மச்சான் சோளம்."

"புகையுமில்லை. மெத்தெண்டு போகுது." ஆழ்வாப்பிள்ளை கொஞ்சநேரம் கடலைப் பார்த்தார். "காரை விக்க வேண்டாம். என்ரை புகையிலைத் தறையிலையும் இந்தமுறை சோளம் போடுவம்."

"நானும் சும்மா உங்களைப் பேசிப்போட்டன்," என்று சிவக்கொழுந்து மூக்கைத் துடைத்தாள்.

ஏரம்புவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன்னை ஒருவராவது நம்ப வேண்டுமென்று அவர் எத்தனை காலம் ஏங்கியிருந்தார்.

பாலம் முடிந்து நகரத்துக் கட்டடங்கள் தொடங்குகிற இடத்தில் கார் தானாகவே மெல்ல நின்றது. கூரையிலிருந்து லியோனின் தலை கண்ணாடிப் பக்கமாகத் தலைகீழாய்த் தொங்கியது.

"ஏரம்பண்ணை, பாலம் தொடங்கேக்கையே இஞ்சின் நிண்டுட்டுது, மூட்டையிலை இருந்த வள்ளத்துப் பாயை விரிச்சு நான்தான் இவ்வளவு தூரமும் கொண்டுவந்தனான். இனிக் கட்டடம் காத்தை மறைக்குது, பாயாலை ஏலாது."